ஆளே வராத இடம்

அந்தப் பிள்ளையைத் திருப்பி அனுப்பிட்டேன்னுதானே சார் இப்படிப் பாக்குதீங்க? பாருங்க. முதுகுல ஒரு பை, கழுத்துல ஒரு கேமரா, ஒரே ஒரு நாள்தான் அண்ணாச்சின்னு கெஞ்சுது. ரூம் இல்லாமலா இருக்கு? மேல மூணு ரூம் சும்மாத்தான் கெடக்கு. ஆனா தனியா வார பொம்பளப் பிள்ளைக்கு இந்த லாட்ஜுல ரூம் கிடையாது. சட்டம் கிட்டம் ஒண்ணும் இல்ல, நான் வச்சதுதான். முதலாளிக்கே இதுல இஷ்டமில்ல. அப்படின்னா வேற மேனேஜரைப் பாத்துக்கிடுங்கன்னு சொல்லிட்டேன்.

உக்காருங்க சார். உங்க ரூமைக் கூட்டிக்கிட்டு இருக்காவ, கொஞ்ச நேரம் ஆகும். சாவியை இப்பவே கையில வச்சுக்கிடுங்க. ஆதார் எல்லாம் மெதுவாக் குடுங்க, ஒண்ணும் அவசரமில்ல. நீங்களும் தனியாத்தான் வந்திருக்கீங்க, எனக்குத் தெரியாதா? ஆம்பளைக்கு என்ன சார், நாலு எடம் போவீங்க, வருவீங்க.

நான் கல்மனசுக்காரன் இல்ல. அதை மொதல்ல சொல்லிருதேன். தூத்துக்குடி பஸ் ஸ்டாண்டுல எறங்கி பொன்னுலிங்கம் எப்படிப்பட்ட ஆளுன்னு கேட்டுப் பாருங்க. இருபது வருசத்துக்கு மேல இந்தக் கவுண்டர்ல உக்காந்திருக்கேன். வாசப்படி ஏறும்போதே சொல்லிருவேன், இவன் உப்பு யாவாரி, இவன் மருந்து கம்பெனி ரெப்பு, இவன் பொண்டாட்டிகிட்ட சண்டை போட்டுட்டு வந்தவன்னு. ஒரே ஒரு ஆளு விசயத்துலதான் ஏமாந்துட்டேன்.

கரூர்க்காரரு. தெரைச்சீலை யாவாரம். வந்த அன்னைக்கு இந்தா, நீங்க உக்காந்திருக்குத அதே பெஞ்சுல உக்காந்து அப்படிச் சிரிக்கச் சிரிக்கப் பேசினாரு. சாயந்தரம் போயி ரெண்டு பெட்டி மக்ரூன் வாங்கிட்டு வந்தாரு, பிள்ளைகளுக்குன்னு. எனக்கும் ஒண்ணு எடுத்துக் குடுத்தாரு. நான் வாயில போட்டேன். மறுநாள் காலையில கதவு தொறக்கலை. தட்டிப் பாத்தோம், கூப்பிட்டுப் பாத்தோம். நான்தான் சார் கதவை ஒடைச்சேன். அதுக்கு மேல கேக்காதீங்க, நீங்க இன்னைக்கு இங்கன படுக்கணும். உங்க ரூம் இல்ல, பயப்படாதீங்க, அது மாடியில.

போலீஸு, கோர்ட்டுன்னு அலைஞ்சதெல்லாம் பெருசு இல்ல. அந்தக் கதவு ஒடைஞ்ச சத்தம் இருக்கு பாருங்க. எங்க வீட்ல சமையக்கட்டுல தட்டு கீழ விழுந்தாக்கூட எனக்கு நெஞ்சு படபடன்னு வந்திரும். இன்னொரு கதவை ஒடைக்க எனக்குத் தெம்பு கிடையாது. அது ஒண்ணுதான் சார் எனக்கு வேணும். எவனும் எப்படியும் இருந்துட்டுப் போகட்டும், உசிரோட ரூமைக் காலி பண்ணிட்டுப் போயிரணும்.

என்ன கேக்கீங்க? செத்தது ஆம்பளை, அப்புறம் பொம்பளைக்கு எதுக்கு ரூம் இல்லைன்னா? நல்ல கேள்விதான். தனியா வார ஆம்பளைக்கு ரூம் இல்லைன்னா லாட்ஜை இழுத்து மூடிட்டுப் போக வேண்டியதுதான் சார். வாரதே அவங்கதான். அதுவும் போக, பொம்பளை விசயம் வேற. கேளுங்க, சொல்லுதேன்.

போன கார்த்திகை. விடிஞ்சும் விடியாம ஒரு பிள்ளை வந்து நிக்குது. முப்பதுக்குள்ளதான் இருக்கும். பேரு தமயந்தி. சொந்த ஊரு கோவில்பட்டி, அங்க ஒரு ஆஸ்பத்திரியில ரத்தம் டெஸ்ட் பண்ணுத வேலை. “ஒரு நாள்தான் அண்ணாச்சி. குளிச்சிட்டு ஊரைச் சுத்திப் பாக்கணும், சாயந்தரம் பறவை பாக்கணும், ராத்திரி பஸ்ஸுக்குப் போயிருவேன்”னு சொல்லுச்சு. பறவையா? டிக்கெட் எடுத்து பஸ் ஏறி வந்து எவனாவது பறவை பாப்பானா? கோவில்பட்டியில காக்கா இல்லையாம்மான்னு கேட்டேன். சிரிச்சுது. “பூநாரை அண்ணாச்சி. காலு நீளமா, றெக்கைக்குள்ள செவப்பா இருக்கும். உப்பளத்துப் பக்கம் கூட்டமா எறங்கியிருக்காம்”னுச்சு. நாங்க அதை மொத்தமா கொக்குன்னுதான் சொல்லுவோம். யாரு நின்னு பாத்தா?

கூட யாரும் வரலியாம்மான்னேன். இல்லைன்னுச்சு. வீட்ல தெரியுமான்னேன். தெரியும்னுதான் சொல்லுச்சு. ஆனா சொல்லுததுக்கு முன்னால ஒரு பார்வை கீழ பாத்துச்சு சார். எனக்கு அது போதும். இருந்தாலும் குளிக்க ஒரு எடம் கேக்குத பிள்ளையை எப்படி வெரட்ட? ஆதாரை வாங்கி ஜெராக்ஸ் எடுத்து வச்சுக்கிட்டு சாவியைக் குடுத்தேன்.

குளிச்சு முடிச்சு எறங்கி வந்து ஒரு கேள்வி கேட்டுது பாருங்க. “அண்ணாச்சி, உப்பளத்துல ஆளே வராத எடமா, தண்ணி கொஞ்சமா நிக்குத எடமா எந்தப் பக்கம் இருக்கும்?” அப்படின்னு.

நீங்களே சொல்லுங்க. தனியா வந்த பிள்ளை, ஆளே வராத எடம் எங்க இருக்குன்னு கேட்டா உங்களுக்கு என்ன தோணும்? பறவை ஆளு வந்தா ஓடிரும், அதுக்காகக் கேக்குதுன்னு தோணுமா? எனக்குத் தோணலை. வழியைச் சொல்லிட்டேன், பொய் சொல்லத் தெரியலை. அந்தப் பிள்ளை தெருமுனை தாண்டுததுக்குள்ள வாட்ச்மேனை இங்கன உக்கார வச்சுட்டு என் டிவிஎஸ்ஸை எடுத்துட்டேன்.

மொதல்ல மாதா கோயிலுக்குப் போச்சு. உள்ள ஒரு ஓரமா உக்காந்து அண்ணாந்து பாக்குது. பாக்குது, பாக்குது, அப்படிப் பாக்குது. கண்ணுல தண்ணி இருந்துச்சா இல்லையான்னு தூரத்துல இருந்து தெரியலை. இருந்திருக்கும்னுதான் நான் வச்சுக்கிட்டேன். மேல பால்கனிப் பக்கம் ஏதோ குருவி கூடு கட்டியிருந்துச்சு. அதைத்தான் பாத்தேன்னு பின்னால சொல்லுச்சு. யாருக்குத் தெரியும்?

அங்கன இருந்து பழைய துறைமுகம். தோணியில சாமான் ஏத்துததைப் பாத்துக்கிட்டு வெயில்ல நிக்குது. பெறகு மீன் கெடக்குத எடத்துல நின்னு மேல சுத்துத பருந்தைப் படம் பிடிக்குது. யாரோ ஒரு மீன்கார அக்கா கேக்கா, “என்னம்மா, ஒத்தையில வந்தியா?”ன்னு. ஆமாக்கான்னு சிரிக்குது. அந்தச் சிரிப்பு இருக்கே, கரூர்க்காரரு சிரிச்சாரே, அப்படி ஒரு சிரிப்பு. கவலையே இல்லாத சிரிப்பு. கவலை இல்லாம சிரிக்குத ஆளைப் பாத்தா எனக்கு இப்பல்லாம் பயம் வந்திரும் சார்.

மத்தியானம் ஒரு மெஸ்ஸுல நுழைஞ்சுது. நானும் பின்னால தூணுக்கு மறைவா உக்காந்துக்கிட்டேன். மீன் கொழம்பு, பொரிச்ச மீனு, ரெண்டாவது தடவை சோறு கேட்டு வாங்கித் திங்குது. வெரலை நக்குது. ஒத்தையில வந்த பொம்பளைப் பிள்ளை இப்படி ஆற அமர உக்காந்து சாப்பிட்டு நீங்க பாத்திருக்கீங்களா? எங்க வீட்ல வெளிய கூட்டிட்டுப் போனா பாதி இட்லியை எனக்குத் தள்ளி விட்டிருவா. எனக்கு ஒரே நெனப்புத்தான், இது கடைசிச் சாப்பாடுன்னு. என் எலையில சோறு அப்படியே கெடந்துச்சு.

வெளிய வந்து நேரா மக்ரூன் கடைக்குப் போச்சு. ஒரு பெட்டி வாங்குச்சு. ரோட்டோரத்துல பனங்கிழங்கு விக்குத பாட்டிக்குப் பாதியை அள்ளிக் குடுத்துச்சு. அவ்வளவுதான் சார். மக்ரூன் வாங்கினவன் முடிவு எப்படின்னு பாத்தவன் நான். இருக்கதைத் தானம் பண்ணிட்டுப் போறவங்க எதுக்குப் பண்ணுதாங்கன்னு எனக்கா தெரியாது?

அப்பத்தான் மச்சினனுக்குப் போன் போட்டேன். சொர்ணராஜுன்னு, எங்க வீட்ல கூடப்பொறந்தவன். கோவில்பட்டியில கடலைமிட்டாய் ஏஜென்சி எடுத்திருக்கான். அந்த ஊர்ல அவனுக்குத் தெரியாத சந்து கிடையாது. ஆதார்ல இருந்த அட்ரஸைச் சொல்லி, போயி பக்குவமா விசாரி, வீட்ல ஏதும் பிரச்சினையான்னு கேளு, பிள்ளை இங்கன இருக்குன்னு காதோட காதா சொல்லுன்னேன். அவன் பக்குவம் உங்களுக்குத் தெரியாதுல்ல. தெருமுனை டீக்கடையில வண்டியை நிறுத்தி, “தூத்துக்குடி லாட்ஜுல ரூம் போட்டிருக்குத தமயந்தி வீடு எது?”ன்னு கேட்டிருக்கான். டீ குடிச்சிக்கிட்டு இருந்தவன் பூரா எந்திரிச்சு வீட்டைக் காட்டிக் குடுத்திருக்கான்.

அதுக்கு நான் என்ன பண்ண முடியும்? நான் சொன்னது பக்குவமாத்தான்.

பொழுது சாயுத நேரம் உப்பளத்துக்கு ஆட்டோவுல போயி எறங்குச்சு. நான் வண்டியை உப்புக் குவிச்சு வச்சிருந்த மறைவுல நிறுத்திட்டுப் பாக்கேன். ஈ காக்கா இல்ல. பாத்தி வரப்புல கொஞ்ச தூரம் நடந்துச்சு. நின்னுச்சு. செருப்பைக் கழட்டி ஓரமா சோடி சேத்து வச்சுது. பையை எறக்கி வச்சுது. போனை எடுத்து அணைச்சுப் பைக்குள்ள போட்டுது. பெறகு சுடிதார் காலை மடிச்சு விட்டுக்கிட்டுத் தண்ணிக்குள்ள எறங்கிட்டு.

சார், கரையில செருப்பு மட்டும் கெடந்தா நம்ம ஊர்ல அதுக்கு என்ன அர்த்தம்?

ஓடினேன். சுகர்க்காரன், ஓடப்பிடாது, ஓடினேன். சேறு காலை விடலை. என் செருப்பு ரெண்டும் சேத்துக்குள்ளயே போயிட்டு. செருப்பைக் கழட்டிட்டு எறங்கினாத்தான் அங்கன நடக்க முடியும்னு அப்பத்தான் தெரியுது, ஆனா அதை யோசிக்கவா நேரம்? “எம்மா, எம்மா, வேண்டாம்மா”ன்னு தொண்டை கிழியக் கத்திக்கிட்டே போயி, பின்னால இருந்து அந்தப் பிள்ளை கையைப் பிடிச்சு ஒரு இழு இழுத்தேன். கழுத்துல ஒரு பைனாகுலர் கெடந்திருக்கு, அப்பத்தான் பாக்கேன், அது அறுந்து உப்புத் தண்ணியில விழுந்துட்டு.

அப்ப எந்திரிச்சுது சார் அம்புட்டும். அதுவரைக்கும் நான் பாக்கவே இல்ல. எதுக்கால அந்தத் தண்ணி பூரா வெள்ளையா நின்னுக்கிட்டு இருந்திருக்கு. நான் போட்ட கூச்சல்ல ஒட்டுமொத்தமா மேல போச்சு. றெக்கையை விரிக்கவும் உள்ள இருந்த செவப்பு அப்படியே வானத்துல பரவுது. நானும் வாயைப் பொளந்துக்கிட்டு நின்னேன், பொய் சொல்லப்பிடாது. பொறந்ததுல இருந்து இந்த ஊர்லதான் இருக்கேன், ஒரு நாளும் பாத்ததில்ல. ஒரு வட்டம் போட்டுச்சு. அப்படியே தெக்க போயிட்டு. திரும்பலை.

அந்தப் பிள்ளை என்னைத் திட்டலை. திட்டியிருந்தா எனக்கும் நாலு வார்த்தை இருந்துச்சு. அது சேத்துல அப்படியே உக்காந்துட்டு. “ஏன் அண்ணாச்சி?”ன்னு மட்டும் கேட்டுது. பெறகு அழுதுது. பாத்தீங்களா, அழுகை வருதுன்னா மனசுல ஒண்ணு இல்லாமலா வரும்? நான் நெனச்சது சரியாத்தான் இருந்துச்சு.

வரப்புல உக்கார வச்சுத் தண்ணி குடுத்தேன். அழுது முடிச்சு அதுவாச் சொல்லுச்சு. காலேஜ் படிக்கையில எவளோ ஒரு சிநேகிதி போன்ல காட்டினாளாம் இந்தப் பறவையை. அதுல இருந்து ஆசையாம். வீட்ல கேட்டா, கல்யாணம் கட்டிக்கிட்டுப் புருசன் கூடப் போன்னு சொல்லுவாங்களாம். அதான் மதுரையில சிநேகிதி பிள்ளைக்குப் பேரு வைக்காங்கன்னு பொய் சொல்லிட்டு வந்திருக்கு. “ஒரே ஒரு நாளு எனக்குன்னு எடுத்துக்கிட்டேன் அண்ணாச்சி, நாளைக்கு டூட்டி இருக்கு, போயிருப்பேன்”னுச்சு.

சரிம்மா, போனது போகட்டும், வீட்டுக்குத் தகவல் சொல்லிட்டேன், ஆளு வந்துக்கிட்டு இருக்காவ, ஒண்ணும் பயப்படாதேன்னு சொன்னேன்.

சார், அந்த நேரம் அந்தப் பிள்ளை மூஞ்சியை நீங்க பாத்திருக்கணும். காலையில இருந்து பின்னாலயே அலைஞ்சேனே, கோயில்ல, துறைமுகத்துல, மெஸ்ஸுல, எங்கயும் அப்படி ஒரு மூஞ்சியை நான் பாக்கலை. அந்த நிமிசந்தான் சாவுக்களை தெரிஞ்சுது. அப்படியே கரூர்க்காரரு மூஞ்சி. நல்ல வேளை, நான் பக்கத்துல இருந்தேன்னு நெனச்சுக்கிட்டேன்.

அந்தப் பிள்ளையோட அண்ணன்காரன் கார் எடுத்துட்டு லாட்ஜுக்கு வந்தான், மச்சினனும் கூட வந்தான். அண்ணன்காரன் என் கையைப் பிடிச்சுக் கண்ணுல ஒத்திக்கிட்டான். தெய்வம் மாதிரி காப்பாத்துனீங்கன்னான். பெறகு திரும்பி அந்தப் பிள்ளையை ஒரு அடி அடிச்சான், இந்தா, இந்தக் கவுண்டர் முன்னாலயே. கூடப்பொறந்தவன், பதட்டத்துல வந்திருக்கான், அடிக்கத்தான் செய்வான். சத்தம் மட்டும் கொஞ்சம் பெருசாக் கேட்டுது. எனக்குத்தான் இந்தச் சத்தமெல்லாம் ஆகாதே. நான் அந்தப் பக்கம் திரும்பிச் சாவி மாட்டுத பலகையைப் பாத்துக்கிட்டு நின்னேன். மக்ரூன் பெட்டியை ரூம்லயே விட்டுட்டுப் போயிட்டாங்க. நான் தொடலை.

தை பொறந்ததும் கல்யாணப் பத்திரிகை வந்துச்சு சார். எனக்கு, இந்தச் சாதாரண மேனேஜருக்கு. தெருவுல கண்டபடி பேச்சாயிட்டாம், லாட்ஜு, லாட்ஜுன்னு. அதான் கையோட முடிச்சிட்டாங்க. மாப்பிள்ளைக்கு இது ரெண்டாந்தாரம், ஆனா நல்ல வசதி. ஆஸ்பத்திரி வேலைக்கெல்லாம் போக வேண்டாம்னுட்டாராம். நல்ல கட்டுப்பாடான குடும்பம். நானும் எங்க வீட்லயும் போயிருந்தோம். மண்டபத்துல வச்சு அண்ணன்காரன் நாலு பேர்கிட்ட என்னைக் காட்டி, இவரு இல்லைன்னா இந்தக் கல்யாணமே இல்லைன்னு சொன்னான். எனக்குப் பெருமையா இருந்துச்சு, இல்லைங்கலை.

மேடையில ஏறிப் பக்கத்துல நின்னோம், படம் எடுக்க. அந்தப் பிள்ளை கேமராவைப் பாத்துச் சிரிச்சுக்கிட்டே, எனக்கு மட்டும் கேக்குத மாதிரி சொல்லுச்சு. “அன்னைக்கு எனக்குச் சாகணும்னு தோணவே இல்லை அண்ணாச்சி. ஒரு தடவை கூடத் தோணலை.”

சரிம்மா, அப்படியே நல்லா இருன்னு தலையில கையை வச்சுட்டு எறங்கிட்டேன்.

திரும்பி வார பஸ்ஸுல எங்க வீட்ல கேட்டா, பொண்ணு காதுல என்ன சொல்லுச்சுன்னு. சொன்னேன். அவ ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டா. பஸ்ஸு குறுக்குச்சாலை தாண்டுச்சு. பெறகு கேக்கா, “அன்னைக்குன்னு எதுக்குங்க சொல்லுச்சு?”ன்னு. எனக்குச் சுர்ருன்னு கோவம் வந்துட்டு. ஒரு உசிரைக் காப்பாத்திட்டு வந்திருக்கேன், அதுல வார்த்தை வார்த்தையாப் பிரிச்சுக் கேள்வி கேக்கா. வாயை மூடுன்னுட்டேன். அன்னைக்கு ராத்திரி எனக்குத்தான் தூக்கம் வரலை.

அதுல இருந்துதான் சார் இந்த ஏற்பாடு. தனியா வார பிள்ளைக்கு ரூம் கிடையாது. ரூம் குடுத்தாத்தானே நான் பின்னால போகணும். பின்னால போனாத்தானே போன் போடணும். இல்லைன்னு சொல்லி வாசலோட அனுப்பிட்டா அது எங்கயோ போகும், எப்படியோ இருக்கும், எனக்கும் அதுக்கும் சம்பந்தமில்லை.

நான் பண்ணினது தப்புன்னு நெனைக்கீங்களா? சொல்லாதீங்க. நீங்க அந்தக் கதவைப் பாக்கலை.

இன்னொண்ணு சார். காலையில இருந்து மச்சினன் போன் அடிச்சுக்கிட்டே இருக்கான். நான் எடுக்கலை. பங்குனிப் பொங்கலுக்குக் கடலைமிட்டாய் எத்தனை பெட்டி வேணும்னு கேக்கத்தான் இருக்கும். ஆனா அதுக்கு ஒரு தடவை அடிச்சிட்டு விட்டிருவான், வெவரம் தெரிஞ்சவன். அந்தத் தமயந்தியைக் கட்டிக் குடுத்திருக்குத வீடு அவன் கடைக்குப் பின்தெருதான். எனக்குப் பயமா இருக்கு சார். வெளிய சொல்ல வெக்கமா இருக்கு, ஆனா பயமா இருக்கு. நீங்க வாரதுக்கு முன்னால ரெண்டு தடவை கையில எடுத்துட்டு அப்படியே கீழ வச்சுட்டேன்.

இந்தா, திரும்ப அடிக்கான்.

ஒரு உதவி பண்ணுங்க. நீங்க எடுத்துப் பேசுதீங்களா? மேனேஜர் வெளிய போயிருக்காருன்னு சொல்லுங்க. என்ன விசயம்னு மட்டும் கேட்டுக்கிடுங்க. கேட்டுட்டு எங்கிட்ட உடனே சொல்ல வேண்டாம் சார். நான் மொதல்ல கொஞ்சம் உக்காந்துக்கிடுதேன்.